மதிப்பெண்ணை அப்படியே எடுத்துப் போடலாமா?

கேள்வி: நுகர்வோர் பத்திரிகை ஒன்று வாஷிங் மெஷின்களைச் சோதித்து மதிப்பெண் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியல் முழுவதையும் எங்கள் சங்க இதழில் வெளியிட ஆசை. எண்களுக்குத்தான் பதிப்புரிமை கிடையாதே? 'நன்றி' என்று பத்திரிகையின் பெயரையும் போட்டுவிடுவோம்.

பதில்: எந்த எண் என்பதைப் பொறுத்தது. மெஷின் ஓடும்போது எழும் சத்தம் இத்தனை டெசிபல் என்பது தகவல். அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில், அகர வரிசையில் பெயரும் எண்ணும் மட்டும் அடுக்கிய டெலிபோன் டைரக்டரி பக்கங்களுக்கே பதிப்புரிமை இல்லை என்றது. திரட்டுவதற்குப் பட்ட பாடு மட்டும் போதாதாம்.

ஆனால் '100-க்கு 78' எந்த மீட்டரிலும் வராது. சத்தத்துக்கு எவ்வளவு, துவைக்கும் திறனுக்கு எவ்வளவு என்று ஆசிரியர் குழு முடிவு செய்து போட்ட மார்க் அது. வேறொரு குழு 65 கூடப் போடலாம். பழைய கார்களுக்கு ஆசிரியர்கள் கணித்து வெளியிட்ட மதிப்புகளை 'ரெட் புக்' வழக்கில் (1994) அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வெறும் தகவலாகப் பார்க்கவில்லை. அவர்களுடைய சொந்தக் கணிப்பு என்று பாதுகாப்புக் கொடுத்தது. உங்கள் பட்டியலும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

சரி, அனுமதி கேட்காமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் விடும் 'நியாயமான பயன்பாடு' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையின் பாராட்டை ஒரு வேக்குவம் கிளீனர் கம்பெனி டிவி விளம்பரத்திலேயே பயன்படுத்தியது. பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 1983-இல் மேல்முறையீட்டில் தடை விலகியது. எடுத்தது சுமார் 2,100 வார்த்தைக் கட்டுரையில் 29 வார்த்தை. நீங்கள் கேட்பது முழுப் பட்டியல்! வாசகர் காசு கொடுத்து அந்த இதழை வாங்குவதே அதற்காகத்தான். அது உங்களிடம் கிடைத்தால் அவர் ஏன் அதை வாங்கப் போகிறார்? இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிபதிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. லாபநோக்கம் இல்லாத சங்கம் என்பது கொஞ்சம் உதவும், காப்பாற்றிவிடாது.

அப்புறம் அந்த 'நன்றி'. பெயரைப் போடுவது மரியாதை; அனுமதி ஆகாது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

முதலிடம் எதற்கு, ஏன் என்று இரண்டு வரி எடுத்துச் சொல்லி, அதில் உங்களுக்கு உடன்பாடா இல்லையா என்று எழுதுங்கள். பெரும்பாலும் சிக்கல் வராது. பட்டியல்தான் வேண்டுமென்றால் அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் போடுங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கத்துக்கு வேறு விஷயம் தயாராக இருக்கட்டும்.