ஜாம் பஃப்பில் பாதி

கேள்வி: ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் த ஃப்ளாஸ்' படித்தேன். தங்கை மேகியை வீட்டுக்குள் விடாமல் துரத்தியவன் டாம். அந்தக் கல்நெஞ்சனைக் காப்பாற்ற மேகி படகில் போய் ஏன் சாக வேண்டும்? கடைசியில் வருகிற வெள்ளம் சுத்த சினிமாத்தனம் இல்லையா?
— ஒரு வாசகி

பதில்: வெள்ள விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பிள்ளைப் பிராயக் காட்சிகளிலேயே மனம் தங்கிவிட்டதால் கடைசிப் பகுதியை நினைத்தபடி விரித்து எழுத முடியவில்லை என்று எலியட்டே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டாம் விஷயத்தில்தான் அவசரப்படுகிறீர்கள். அந்த ஜாம் பஃப்பை மறந்துவிட்டீர்களா? சின்ன வயதில் டாம் அதை இரண்டாக வெட்டுகிறான். கண்ணை மூடு, வலதா இடதா சொல் என்கிறான். நல்ல பாதி மேகிக்கு விழுகிறது. 'நீயே வைத்துக்கொள்' என்று அவள் கெஞ்சியும் வாங்க மாட்டேன் என்கிறான். அவள் ரசித்துத் தின்று முடித்ததும், 'பேராசைக்காரி!' என்கிறான். பங்கு பிரித்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியுமா? அந்தக் கடைசிச் சொல்தான் கொடுமை. வளர்ந்த பிறகும் டாம் இதேதான். அப்பா வழக்கில் தோற்றுக் கடனாளியானதும், சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்ப் பாக்கி முழுவதையும் அடைக்கிறான். எதிர்த்தரப்பு வக்கீல் வேக்கமை மன்னிக்கவே மாட்டோம் என்று அப்பா சொல்லச் சொல்லக் குடும்பப் பைபிளில் எழுதியதும் அவன் கைதான். அந்த வேக்கமின் மகனைத் தங்கை ரகசியமாகச் சந்தித்தால் தாங்குவானா? (கடனடைத்த பெருமையில் அவன் கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்திருக்கலாம் என்பது என் கட்சி.)

மேகி ஏன் போனாள் என்றால், எலியட்டின் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அவர் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். ஏற்கெனவே மணமான எழுத்தாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் 1854 முதல் வாழ்ந்தார். 1857இல் அதை அண்ணன் ஐசக்குக்கு எழுதினார். பதில் ஐசக்கின் வக்கீலிடமிருந்து வந்தது. அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நாவல் வந்தது 1860இல்! நிஜ அண்ணன் கதவைத் திறக்காதபோது, கதை அண்ணனின் வாயில் 'மேக்ஸி' என்ற பழைய செல்லப்பெயரை வரவழைக்க ஓர் ஆறே பொங்க வேண்டியிருந்தது. சினிமாத்தனம்தான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்காக நான் மன்னித்துவிட்டேன்.

ஐசக் கடிதம் எழுதியது 1880 மே மாதம், லூயிஸ் இறந்தபின் எலியட் ஜான் கிராஸை முறைப்படி மணந்ததும், வாழ்த்துச் சொல்லி. அந்த டிசம்பரில் எலியட் இறந்தார். அடக்கத்துக்கு ஐசக் வந்திருந்தார்.