ஒன்பது குழிகளும் ஒரு மயிலும்

பணகுடிக்கும் வள்ளியூருக்கும் நடுவே, ஒரு பொத்தையின் அடியில் கிடந்த தன் தரிசு நிலத்தை நண்பர் ஒருவர் ஒன்பது குழி கோல்ஃப் மைதானமாக மாற்றியிருக்கிறார். மொத்த நீளம் 1,380 கஜம். ஒரு குழியை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆக வேண்டிய அடிக் கணக்குக்குப் பார் என்று பெயர். ஏழு குழிகள் பார் 3, இரண்டு பார் 4, ஆக 29. தண்ணீர் இல்லாத இடம் என்பதால் கொடி நிற்கும் குழியைச் சுற்றிப் புல் கிரீன் கிடையாது. எண்ணெய் கலந்த மணலை உருட்டி இறுக்கிய ‘பிரவுன்’தான், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் களத்தின் அளவு. நீலகிரியில் பதினோரு ஆண்டுகள் பிறருக்கு மட்டைப் பை சுமந்து, பிறகு நானும் ஆடப் பழகியவன் என்பதால் ஆட வருபவர்கள் கேட்கும் கேள்விகளை எல்லாம் அவர் என் தலையில் கட்டிவிட்டார்.

திசையன்விளை: அண்ணாச்சி, டிரைவர் மட்டையில் 240 கஜம் அடிப்பேன். நான்காம் குழி 265 கஜம்தான். ஒரே அடியில் பக்கத்தில் போய்விடலாமே, ஏன் எல்லோரும் தடுக்கிறார்கள்?

தம்பி, 240 கஜம் அடிப்பீர்கள் என்பதை நம்புகிறேன். எந்தப் பக்கம் அடிப்பீர்கள்? அந்தக் குழியில் 200 கஜம் தாண்டியதும் பாதை இரண்டு பனை வரிசைகளுக்கு நடுவே பதினெட்டுத் தப்படி அகலத்துக்குச் சுருங்குகிறது. இடப்பக்கம் உடங்காடு, வலப்பக்கம் பாழுங்கிணறு. எல்லாம் தப்பி நடுவில் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 25 கஜம். நடுவே ஒரு மணல் பள்ளம், அதற்கு அப்பால் கல் மாதிரி இறுகிய பிரவுன். அந்தப் பாதி வீச்சு அடியைப் பத்துக்கு ஏழு முறை சரியாக அடிப்பவரை நான் இங்கே இன்னும் பார்க்கவில்லை.

இப்போது ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுங்கள். 150 கஜம், பாதை அகலமாக இருக்கும் இடத்தில் பந்து நிற்கிறது. மிச்சம் 115. அது உங்கள் குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜின் முழு வீச்சாக இருந்தால், கையை எங்கே நிறுத்துவது என்ற யோசனையே வேண்டாம். குட்டை மைதானத்தில் முதல் அடியின் வேலை தூரம் போவது அல்ல, இரண்டாம் அடிக்கு உங்களுக்குப் பழகிய தூரத்தை விட்டுவைப்பது. நான் பை சுமந்தவர்களில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். விதி பதினான்கு மட்டை வரை அனுமதிக்கிறது. அவர் ஐந்துதான் கொண்டுவருவார். முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றதும் குழியைப் பார்க்க மாட்டார். “அடுத்ததை எங்கிருந்து அடிக்கிறோம்?” என்று என்னைக் கேட்பார். அவரிடம் பந்தயம் கட்டிய இளைஞர்கள் அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு வாங்கித் தருவார்கள்.

குட்டை என்று இளக்காரம் வேண்டாம். அமெரிக்காவின் மெரியன் மைதானம் 2013 யு.எஸ். ஓபன் போட்டிக்கு 7,000 கஜத்துக்குள்தான் இருந்தது. அந்த அளவுப் போட்டிக்கு அது குட்டைதான். பெரிய அடிக்காரர்கள் அதை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்றார்கள். வென்ற ஜஸ்டின் ரோஸின் கணக்கே பாருக்கு ஒன்று மேலே.

களக்காடு: இந்த மைதானத்துக்கு எந்த டிரைவர் வாங்கலாம்?

வாங்காதீர்கள்.

வீரவநல்லூர்: மூன்றாம் குழி 128 கஜம். தை மாதம் ஒன்பதாம் நம்பர் அயர்னில் எளிதாகப் போனேன். ஆனியில் அதே மட்டையில் பாதி தூரத்தில் விழுகிறது. கையில் ஏதும் கோளாறா?

கையில் இல்லை, கணவாயில். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது எதற்காக என்று நினைத்தீர்கள்? மூன்றாம் குழி மேற்கே பார்த்தது, முழு எதிர்காற்று. அங்கே எல்லோரும் செய்யும் தப்பு, இன்னும் பலமாக அடிப்பது. பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும், பந்து மேலே ஏறும், காற்று அதைத் தூக்கி அங்கேயே போடும். இரண்டு நம்பர் குறைந்த, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுத்து, பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் தாழ அடியுங்கள். எதிர்காற்று பிடுங்கிக்கொள்ளும் தூரம், பின்காற்று தரும் தூரத்தைவிட எப்போதும் அதிகம். ஆகவே திரும்பி வரும் எட்டாம் குழியில் ஈடு கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

புல்லைக் கிள்ளி எறிந்து காற்றுப் பார்ப்பதும் இங்கே தேவையில்லை. காற்றாலையின் முகம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறதோ, காற்று அங்கிருந்து வருகிறது. இப்படி ஒரு வசதி நீலகிரியில் எனக்குக் கிடைக்கவில்லை.

திருச்செந்தூர்: 1,380 கஜத்தில் ஆடுவதெல்லாம் கோல்ஃபா? ஹேண்டிகேப்புக்கு எடுத்துக்கொள்வார்களா?

ஆட்டக்காரரின் திறனை எண்ணால் குறிப்பதுதான் ஹேண்டிகேப். 2024 முதல் உலக ஹேண்டிகேப் முறையில் ஒன்பது குழி மைதானம் 750 கஜம் இருந்தாலே மதிப்பீடு செய்யலாம். நம்முடையதை முறைப்படி அளந்து மதிப்பிட வேண்டும், அது நண்பரின் வேலை. கோல்ஃபா இல்லையா என்பதை ஏழாம் குழி ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை: பந்து உடைமரத்தின் அடியில் முள்ளுக்குள் போய்விட்டது. பாம்பு இருந்தால் இலவசமாக வெளியே எடுத்துப் போடலாம் என்கிறார்களே?

முதலில் ஒன்று. வேலிக்குள் கையை விடாதீர்கள். பந்து கடையில் கிடைக்கும்.

விதிக்கு வருவோம். பாம்பு, தேனீ போன்றவற்றால் ஆபத்து இருந்தால் தண்டனை இல்லாமல் விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் பாம்பே இல்லாவிட்டாலும் அந்தப் பந்தை அடிக்க முடியாது என்னும் நிலை இருந்தால் விலக்கு கிடையாது. முள்ளுக்குள் கிடக்கும் பந்துக்குப் பாம்பைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆட இயலாத பந்து என்று அறிவித்து ஓர் அடி தண்டனை ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பு அடித்த இடத்துக்கே போகலாம். குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போகலாம். இல்லையென்றால் குழிக்கு நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் போடலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

நாங்குநேரி (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்): ஆறாம் குழியில் என் பந்து பிரவுனுக்கு இடப்பக்கம் விழுந்தது. போய்ப் பார்த்தால் பந்து இல்லை, ஒரு மயில் வேலிப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. மயில்தான் எடுத்தது என்கிறேன். கூட ஆடிய லாரி ஷெட் முதலாளி காணாமற்போன பந்து என்கிறார். யார் சொல்வது சரி?

ஐயா, நின்றுவிட்ட பந்தை மயில் கொத்திக்கொண்டு போனால் தண்டனை இல்லை. அது கிடந்த இடத்தை மதிப்பிட்டு வேறு பந்து வைக்கலாம். ஆனால் மயில்தான் எடுத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். விதி இதற்கு 95 சதவீதம் என்று அளவே வைத்திருக்கிறது. மயில் நடந்து போனது சாட்சி ஆகாது. நாங்குநேரிப் பக்கம் மயில் நடக்காத வயல் எது? மூன்று நிமிடம் தேடிக் கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு திரும்ப டீக்குத்தான் போக வேண்டும்.

நாங்குநேரி (அதே தலைமையாசிரியர்): பை தூக்கிய பையன், மயில் வெள்ளையாக எதையோ கொத்தியதைப் பார்த்ததாகச் சொல்கிறான்.

அப்படியானால் வழக்கே மாறுகிறது. உங்கள் பக்கம் சாய்கிறேன்.

நாங்குநேரி (லாரி ஷெட்): அண்ணாச்சி, அந்தப் பையன் அவருடைய பேரன்!

பேரன் சாட்சி சொல்லக் கூடாது என்று விதி இல்லை. கிடைக்கும் தகவல் எல்லாவற்றையும் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பேரனுக்கு அன்று தாத்தா என்ன வாங்கிக் கொடுத்தார் என்பதும் தகவலில் சேரும்.

ராதாபுரம்: பந்து உருண்டு போகும்போதே மயிலின் காலில் பட்டுத் திரும்பினால்?

நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். பிரவுனில், பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் தட்டிய பந்து மயில் மேல் பட்டால் மட்டும் அந்த அடி கணக்கில் வராது. மறுபடி தட்ட வேண்டும்.

வள்ளியூர்: மயில்களைக் கல்லெறிந்து விரட்டலாமா?

கூடவே கூடாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கோல்ஃப் விதியோடு முடியாது, வனத்துறை வரும்.

அம்பாசமுத்திரம்: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதில் தொடங்கலாம் அண்ணா?

பட்டரும் ஒரு வெட்ஜும் போதும் அம்மா. கோலிக்குண்டு ஆடியிருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

களக்காடு: டிரைவர் வேண்டாம் என்றீர்கள். மூன்றாம் நம்பர் மரமட்டை வாங்கலாமா?

டிரைவரின் தம்பி. அதுவும் வேண்டாம்.

தென்காசி: ஏழாம் குழி 96 கஜம்தான். மூன்று முறையும் எனக்கு ஆறு, ஏழு என்று வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள். ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் எட்டாம் குழி 123 கஜம். தபால்தலை என்று பெயர். 1950 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஹெர்மன் டிசீஸ் என்ற ஜெர்மானியர் அதில் 15 அடி அடித்தார். 1973இல் அமெரிக்க வீரர் ஜீன் சாரசென் 71 வயதில் அதே குழியில் ஒரே அடியில் போட்டார். குழியின் நீளத்தைக் கண்டு யாரும் மார்தட்ட முடியாது.

உங்கள் தவறு என்னவென்று நானே பார்த்திருக்கிறேன். கொடி வலப்பக்க ஓரத்தில் நின்றால் கொடியையே குறி வைக்கிறீர்கள். அந்தப் பக்கம் தவறினால் கொடிக்கும் உங்களுக்கும் நடுவே நான்கே தப்படி பிரவுன். எவ்வளவு மெதுவாகத் தூக்கிப் போட்டாலும் அது இறுகிய மணலில் துள்ளி எதிர்ப்பள்ளத்தில் இறங்கும். அங்கிருந்து திரும்ப இந்தப் பள்ளம். ஆறு வந்துவிட்டது. எப்போதும் நடுவுக்கு இடப்பக்கமாக, பிரவுனுக்கு ஐந்து கஜம் முன்னால் விழும்படி அடியுங்கள். பந்து உருண்டு ஏறும். ஏறாமல் நின்றாலும் வெட்ஜை எடுக்காதீர்கள். வெளியிலிருந்தே பட்டரால் தட்டுங்கள். அழகாக இருக்காது, நான்குக்கு மேல் வராது.

ஏர்வாடி: டிரைவர்...

மேலே படியுங்கள்.

நாங்குநேரி (லாரி ஷெட்): பேரனிடம் தனியாக விசாரித்தேன். கொத்தியது பந்தா, காளானா என்று தெரியாது என்கிறான்.

95 சதவீதம் போயிற்று. தலைமையாசிரியர் டீக்குத் திரும்பியிருக்க வேண்டும். இனி இருவருமே சந்தேகம் வந்தவுடன், நடக்கத் தொடங்கும் முன், முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர, டீயிலேயே ஒரு தற்காலிகப் பந்து அடித்துவிடுங்கள். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆறாம் குழியை மறுபடி ஆடுங்கள். இருவர் பையையும் நானே சுமக்கிறேன். பேரன் வீட்டில் இருக்கட்டும்.