ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ்: பார்ட்டிஷன் பஞ்சாயத்து

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது இல்லையா, அதுல இருந்து "பழைய லேப்டாப்ல லினக்ஸும் சேத்து போட்டு வெச்சுக்கலாமா"ங்கற கேள்விதான் ஜாஸ்தி வருது. போடலாம்னு சொன்னா கொஞ்ச நாள்ல அதே ஆளு எரர் ஸ்க்ரீனை போட்டோ புடிச்சு அனுப்புறாரு. அதனால இந்த தடவை பார்ட்டிஷன் (ஒரே டிஸ்க்கை தனித்தனி பாகமா பிரிக்கறது) கேள்விங்க மட்டும். எந்த பதிலை செஞ்சு பாக்கறதுக்கு முன்னாடியும் முக்கியமான ஃபைலை எல்லாம் வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. அதே டிஸ்க்ல டி டிரைவுக்கு மாத்தி வெச்சிட்டு அதை பேக்கப்னு சொல்லாதீங்க.

கேள்வி: அண்ணா, லினக்ஸ் இருக்கற லேப்டாப்ல விண்டோஸும் போடலாம்னு பென்டிரைவ்ல பூட் பண்ணேன். "இந்த டிஸ்க் ஜிபிடி ஸ்டைல்ல இருக்கு, விண்டோஸ் இன்ஸ்டால் பண்ண முடியாது"ன்னு வருது. ஒரு வீடியோல டிஸ்க்பார்ட் தொறந்து க்ளீன் போடுன்னு சொல்றாங்க. போடலாமா? உள்ள என் காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கு.

பதில்: போட்றாதீங்க தம்பி! க்ளீன் போட்டா அந்த டிஸ்க்ல இருக்கற எல்லா பார்ட்டிஷனும் ஒரே அடியில போயிடும், உங்க ப்ராஜெக்ட், லினக்ஸ் எல்லாம் சேத்து. அந்த வீடியோ எடுத்தவருக்கு காலி டிஸ்க், அவருக்கு கவலை இல்ல.

உங்க டிஸ்க்ல ஒரு கோளாறும் கிடையாது. நீங்க பென்டிரைவை எந்த மோட்ல பூட் பண்ணீங்கங்கறதுதான் விஷயம். எம்பிஆர், ஜிபிடிங்கறது டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்கை எழுதி வைக்கற பழைய முறையும் புது முறையும்; பயாஸ், யுஇஎஃப்ஐங்கறது மெஷினை எழுப்பற பழைய முறையும் புது முறையும். பழைய பயாஸ் முறையில பூட் ஆனா விண்டோஸ் எம்பிஆர் டிஸ்க்தான் கேக்கும், யுஇஎஃப்ஐ முறையில பூட் ஆனா ஜிபிடி டிஸ்க்தான் கேக்கும், இதுல மாத்தி பேசவே பேசாது. உங்க டிஸ்க் ஜிபிடி, ஆனா பென்டிரைவ் பழைய முறையில எழும்பியிருக்கு, அவ்ளோதான். லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணி பூட் மெனுவுக்கு போங்க (எஃப்12, எஃப்9, எஸ்கேப், கம்பெனிக்கு கம்பெனி மாறும்), நிறைய மெஷின்ல அதே பென்டிரைவ் பேரு ரெண்டு தடவை இருக்கும், ஒண்ணுக்கு முன்னாடி யுஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும், அதை எடுங்க. ஒரு தடவைதான் வருதுன்னா பயாஸ் செட்டிங்ல (மெஷின் ஆன் ஆகறப்பவே உள்ள போற செட்டிங், யுஇஎஃப்ஐ மெஷின்லயும் இதை பயாஸ்னுதான் சொல்றது வழக்கம்) பழைய முறையை அனுமதிக்கற சிஎஸ்எம் அல்லது லெகசின்னு இருக்கறதை ஆஃப் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா பென்டிரைவே பழைய முறைக்கு மட்டும் தயார் ஆகியிருக்கு, ரூஃபஸ்ல (பூட் பென்டிரைவ் தயார் பண்ற டூல்) பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடின்னு வெச்சு திரும்ப எழுதுங்க. டிஸ்க்ல கையே வைக்க வேண்டியதில்ல.

உள்ள போனதும் இன்னொரு விஷயம், விண்டோஸ் இன்ஸ்டாலர் காட்டுற லிஸ்ட்ல "அன்அலோகேட்டட்"னு இருக்கற காலி இடத்தை மட்டும் செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க. லினக்ஸ் பார்ட்டிஷன் அதுக்கு பேரு தெரியாத ஒரு பார்ட்டிஷனா தெரியும், "இது எதுக்கு"ன்னு டெலிட் பண்ணிடாதீங்க. போட்டு முடிச்சதும் மெஷின் நேரா விண்டோஸுக்கே போகும், லினக்ஸ் காணோம்னு பதறாதீங்க, பயாஸ்ல பூட் ஆர்டர்ல லினக்ஸை மேல ஏத்தினா வந்துடும்.

கேள்வி: எனக்கு அப்படியே தலைகீழா எரர் வருது சார், டிஸ்க் எம்பிஆர்ல இருக்கு, ஜிபிடி வேணும்னு கேக்குது.

பதில்: காரணம் அதேதான், திசை மட்டும் வேற. மெஷின்ல ஏற்கனவே விண்டோஸ் ஓடுதுன்னா, விண்டோஸ் 10 1703ல இருந்து கூடவே வர்ற எம்பிஆர்2ஜிபிடிங்கற டூல் டேட்டா அழியாம மாத்திக் குடுக்கும். ஆனா அந்த டிஸ்க்ல மூணு ப்ரைமரி (நேரடி) பார்ட்டிஷனுக்கு மேல இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனும் (உள்ள வேற பார்ட்டிஷனை வைக்கற பெட்டி மாதிரி ஒண்ணு) இருக்கக் கூடாது. முதல்ல வேலிடேட் ஆப்ஷன் போட்டு ஓட்டுங்க, அது எதையும் மாத்தாது, முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லும். மாத்தி முடிச்ச உடனே பயாஸ்ல யுஇஎஃப்ஐக்கு மாத்தணும், அதை மறந்துட்டு "விண்டோஸே எழும்பல"ன்னு எழுதறவங்க நிறைய.

கேள்வி: சி டிரைவ்ல 200 ஜிபிக்கு மேல காலியா இருக்கு. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஷ்ரிங்க் குடுத்தா வெறும் 4 ஜிபிதான் குறைக்க முடியும்னு சொல்லுது. டீஃப்ராக் பண்ணியும் பாத்துட்டேன்.

பதில்: காலியா இருக்கறது முக்கியம் இல்லங்க, கடைசியா எந்த ஃபைல் எங்க உக்காந்திருக்குங்கறதுதான் முக்கியம். ஷ்ரிங்க் பண்றப்ப விண்டோஸ் பார்ட்டிஷனோட வால் பக்கத்துல இருந்து வெட்டும், அந்த வழியில நகத்த முடியாத ஃபைல் ஒண்ணு குறுக்க நின்னா அதுக்கு அந்தாண்ட இருக்கற இடம் மட்டும்தான் கிடைக்கும். யாரு அந்த ஃபைல்னு பாத்தா பெரும்பாலும் மூணு பேரு: ஹைபர்னேட் ஃபைல் (மெஷின் தூங்கறப்ப மெமரில இருக்கறதை எழுதி வைக்கறது), பேஜ்ஃபைல் (மெமரி பத்தாதப்ப யூஸ் ஆகறது), சிஸ்டம் ரெஸ்டோருக்காக (பழைய நிலைக்கு திரும்பறதுக்கு) வெச்சிருக்கற பாயிண்ட்டுகள். டீஃப்ராக் (சிதறின ஃபைலை சேத்து அடுக்கறது) இவங்களை தொடாது, அதான் உங்களுக்கு பலன் இல்ல (எஸ்எஸ்டின்னா டீஃப்ராக் பண்ணவே வேண்டாம்).

மூணையும் தற்காலிகமா நிறுத்துங்க. அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் எச் ஆஃப்னு குடுத்தா ஹைபர்னேட் போயிடும், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்ல வர்ச்சுவல் மெமரிக்கு போயி நோ பேஜிங் ஃபைல், அதே இடத்துல சிஸ்டம் ப்ரொடெக்ஷனை ஆஃப், பழைய ரெஸ்டோர் பாயிண்ட்டை டெலிட், அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஷ்ரிங்க் குடுத்து பாருங்க. அப்பவும் அடம் புடிச்சா ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல 259னு ஒரு ஈவென்ட் இருக்கும், எந்த ஃபைல் தடுக்குதுன்னு பேரோட எழுதி வெச்சிருக்கும். இதை யாருமே பாக்கறதில்ல, நேரா எங்கிருந்தோ ஒரு ஃப்ரீ பார்ட்டிஷன் சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்ணிடுறாங்க. வேலை முடிஞ்சதும் பேஜ்ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப ஆன் பண்ண மறக்காதீங்க. ஹைபர்னேட்டை மட்டும் ஆஃப்லயே விட்டுடுங்க, ஏன்னு இன்னொரு கேள்வியில வருது.

குறைச்சு கிடைச்ச இடத்துல விண்டோஸ்லயே நியூ வால்யூம் போட்டு வைக்கணும்னு அவசியம் இல்ல, அப்படியே காலியா விடுங்க, லினக்ஸ் இன்ஸ்டாலர் தனக்கு வேணும்ங்கற மாதிரி பண்ணிக்கும்.

கேள்வி: இடம் எல்லாம் ஒதுக்கியாச்சு. ஆனா உபுண்டு இன்ஸ்டாலர்ல அந்த காலி இடத்துக்கு நேரா "அன்யூசபிள்"னு வருது. பழைய மெஷின்.

பதில்: பழைய மெஷின்னு சொன்னதுலயே பதில் இருக்கு, உங்க டிஸ்க் எம்பிஆர். அந்த முறை 1983ல வந்தது, டிஸ்க்கோட முதல் 512 பைட்ல பார்ட்டிஷன் கணக்குக்குன்னு வெறும் 64 பைட்தான் ஒதுக்கினாங்க, ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், ஆக நாலே நாலு. உங்க லேப்டாப்ல கம்பெனிக்காரன் சிஸ்டம், சி, டி, ரெக்கவரின்னு நாலையும் ரொப்பி குடுத்திருப்பான். அஞ்சாவதா எத்தனை ஜிபி காலியா கிடந்தாலும் பேரு எழுத இடம் இல்ல. (2 டிபிக்கு மேல எம்பிஆர் பாக்காதுங்கறதும் அதே காலத்து கணக்குதான். ஜிபிடில விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரைக்கும் விடும்.)

வழி என்னன்னா டி டிரைவ்ல இருக்கறதை வெளிய காப்பி எடுத்துட்டு அதை டெலிட் பண்ணுங்க, லினக்ஸ் இன்ஸ்டாலர்ல அந்த இடத்துல லாஜிக்கல் பார்ட்டிஷனா உருவாக்குங்க, அது தானாவே ஒரு எக்ஸ்டெண்டட் போட்டு உள்ள வெச்சுக்கும், அதுக்குள்ள எத்தனை வேணும்னாலும் போடலாம். லினக்ஸ் லாஜிக்கல்ல இருந்தே பூட் ஆகும், பிரச்சனை இல்ல. ஆனா இதை விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல செய்யப் போயி, "டைனமிக் டிஸ்க்கா மாத்தவா"ன்னு ஒரு பெட்டி வந்தா தயவு செஞ்சு நோ குடுங்க. எஸ் குடுத்தா அஞ்சாவது பார்ட்டிஷன் வந்த மாதிரிதான் இருக்கும், ஆனா லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க்கை எப்படி பிரிக்கறதுன்னே தெரியாம போயிடும், திரும்ப பேசிக்கா மாத்த விண்டோஸ் எல்லா வால்யூமையும் அழிக்க சொல்லும்.

கேள்வி: புது லேப்டாப். லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் ஆகுது, ஆனா இன்ஸ்டால் பண்ற எடத்துல என் எஸ்எஸ்டியே தெரியல, பென்டிரைவ் மட்டும்தான் காட்டுது. டிஸ்க் போச்சா?

பதில்: போகல மேடம், விண்டோஸ் நல்லா ஓடுதுல்ல. பயாஸ்ல ஸ்டோரேஜ் மோட் ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டின்னு இருக்கும், 11வது தலைமுறை இன்டெல்ல இருந்து வந்த மெஷின்ல விஎம்டின்னும் இருக்கலாம், அந்த மோட்ல லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியல. அதை ஏஹெச்சிஐக்கு (டிஸ்க்கை நேரா காட்டற சாதாரண மோட்) மாத்தணும், விஎம்டின்னா ஆஃப் பண்ணணும். ஆனா சும்மா போயி மாத்தினா அடுத்த தடவை விண்டோஸ் நீல ஸ்க்ரீன் காட்டிட்டு நின்னுடும், ஏன்னா ஏஹெச்சிஐ டிரைவரை அது லோட் பண்ணி வெச்சிருக்காது. அதனால முதல்ல விண்டோஸ்ல எம்எஸ்கான்ஃபிக் தொறந்து பூட் டேப்ல சேஃப் பூட் டிக் பண்ணுங்க, ரீஸ்டார்ட், நேரா பயாஸ் போயி மோடை மாத்துங்க, சேஃப் மோட்ல விண்டோஸ் எழும்புறப்ப டிரைவரை புடிச்சுக்கும், அப்புறம் அந்த டிக்கை எடுத்துட்டு திரும்ப ரீஸ்டார்ட். சேஃப் மோட்ல பின் நம்பர் சில சமயம் வேலை செய்யாது, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகத்துல இருக்கட்டும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை. புது விண்டோஸ் 11 மெஷின் நிறையத்துல டிவைஸ் என்க்ரிப்ஷன் நீங்க கேக்காமலே ஆன்ல இருக்கும், அதுவும் பிட்லாக்கர்தான் (டிஸ்க்ல இருக்கறதை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி). பயாஸ்ல கை வெச்ச உடனே அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், இப்பவே போயி பாத்து பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, லாக் ஆனதுக்கு அப்புறம் தேடுனா பதட்டத்துல கை ஓடாது. என்னைக் கேட்டா லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி என்க்ரிப்ஷனை முழுசா ஆஃப் பண்ணிடுங்க, எல்லாம் செட் ஆனதும் வேணும்னா ஆன் பண்ணிக்கலாம்.

கேள்வி: இன்ஸ்டால் பண்றப்ப ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு பக்கத்துல ஃபார்மட்னு ஒரு பாக்ஸ் இருக்கே, டிக் பண்ணணுமா?

பதில்: கூடாது. விண்டோஸோட பூட் ஃபைலும் அதுலதான் இருக்கு.

கேள்வி: லினக்ஸ்ல இருந்து டி டிரைவை தொறந்தா பாக்க மட்டும்தான் முடியுது, ஒண்ணும் சேவ் ஆகல. சில நாள் தொறக்கவே மாட்டேங்குது. நான் விண்டோஸை ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டுதான் வர்றேன்.

பதில்: நீங்க ஷட் டவுன் பண்றீங்க, விண்டோஸ் பண்றதில்ல! விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, ஷட் டவுன் குடுத்தா பாதி சிஸ்டத்தை ஹைபர்னேட் பண்ணி டிஸ்க்ல எழுதி வெச்சிட்டு தூங்கும், அடுத்த தடவை சீக்கிரம் எழும்பறதுக்கு. அந்த நிலைமையில பார்ட்டிஷனை அது இன்னும் கையில புடிச்சுக்கிட்டு இருக்கறதா லினக்ஸ் கண்டுபிடிச்சிட்டு எழுத மாட்டேங்குது, அது நல்லதுக்குதான், எழுதினா ஃபைல்சிஸ்டம் குழம்பிடும். கட்டாயப்படுத்தி மவுண்ட் பண்ற (பார்ட்டிஷனை லினக்ஸ்ல இணைச்சு தொறக்கற) கமாண்டை எங்கயாச்சும் பாத்தா போடாதீங்க. பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்க, இல்ல முன்ன சொன்ன மாதிரி ஹைபர்னேட்டையே ஆஃப் பண்ணா இதுவும் சேந்து போயிடும். அவசரத்துக்கு ஷட் டவுனுக்கு பதிலா ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்கு வாங்க, ரீஸ்டார்ட்ல இந்த தூக்கம் கிடையாது.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம்னு விண்டோஸ்ல இருந்தே அந்த பார்ட்டிஷனை டெலிட் பண்ணிட்டேன். இப்ப கறுப்பு ஸ்க்ரீன்ல க்ரப் ரெஸ்க்யூன்னு நிக்குது, விண்டோஸும் வரல.

பதில்: விண்டோஸ் அங்கேயேதான் இருக்கு. க்ரப்ங்கறது லினக்ஸோட வர்ற, ஓஎஸ்ஸை எழுப்பற ப்ரோக்ராம். அதோட ஒரு துண்டு பூட் எடத்துல இருக்கு, மிச்சம் நீங்க டெலிட் பண்ண பார்ட்டிஷன்ல இருந்துச்சு, அதைத் தேடி கிடைக்காம நிக்குது. யுஇஎஃப்ஐ மெஷின்னா பூட் மெனுல விண்டோஸ் பூட் மேனேஜரை எடுங்க, முடிஞ்சுது, பயாஸ்ல அதையே முதல்ல வெச்சிடுங்க. பழைய எம்பிஆர் மெஷின்னா விண்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர், கமாண்ட் ப்ராம்ப்ட் போயி பூட்ரெக் ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர் குடுங்க.

கேள்வி: தப்பான டிஸ்க்ல பார்ட்டிஷன் எல்லாத்தையும் டெலிட் பண்ணி அப்ளை குடுத்துட்டேன். குடும்ப போட்டோ எல்லாம் போச்சுன்னு வீட்ல அழறாங்க.

பதில்: பத்திரம் தொலைஞ்சா நிலம் ஓடிப் போயிடாது, அது மாதிரிதான் இதுவும், அழிஞ்சது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கற கணக்கு மட்டும்தான். ஆனா அந்த டிஸ்க்ல இனிமே ஒரு எழுத்து கூட எழுதக் கூடாது, புதுசா பார்ட்டிஷன் போடாதீங்க, ஃபார்மட் பண்ணாதீங்க, ரெக்கவரி சாஃப்ட்வேரையும் அதுல இன்ஸ்டால் பண்ணாதீங்க. எஸ்எஸ்டின்னா உடனே மெஷினை ஆஃப் பண்ணுங்க, ஏன்னா டெலிட் ஆன இடத்தை ட்ரிம்ங்கற வேலை துடைச்சிட்டா எந்த டூலாலயும் எடுக்க முடியாது. லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடற பென்டிரைவ்) பூட் பண்ணி டெஸ்ட்டிஸ்க்னு தொலைஞ்ச பார்ட்டிஷனை தேடற டூலை ஓட்டுங்க, ஃப்ரீதான், அனலைஸ் குடுத்தா பழைய பார்ட்டிஷனை லிஸ்ட் போடும். அதுல பி அழுத்தினா உள்ள இருக்கற ஃபைல் பேரு தெரியுதான்னு பாக்கலாம், போட்டோ தெரிஞ்சா முதல்ல அதுல இருந்தே வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, அப்புறமா ரைட் குடுத்து டேபிளை திரும்ப எழுதலாம். ஹார்ட் டிஸ்க் கடகடன்னு சத்தம் போட்டா மட்டும் நீங்க தொடாதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்ட குடுத்துடுங்க.

கேள்வி: ஜிபார்ட்டட்ல (லினக்ஸ்ல பார்ட்டிஷன் மாத்தற டூல்) பார்ட்டிஷனுக்கு பக்கத்துல சாவி மாதிரி ஒரு படம் இருக்கு, ரீசைஸ் பட்டனே வேலை செய்யல.

பதில்: அந்த பார்ட்டிஷன் யூஸ்ல இருக்குன்னு அர்த்தம். ரைட் க்ளிக் பண்ணி அன்மவுண்ட் குடுங்க, ஸ்வாப்னா (லினக்ஸோட பேஜ்ஃபைல் மாதிரி) ஸ்வாப்ஆஃப். நீங்க எந்த லினக்ஸ்ல உக்காந்திருக்கீங்களோ அதோட ரூட்டையே (அந்த லினக்ஸ் இருக்கற பார்ட்டிஷனையே) சின்னதாக்க பாத்தா மட்டும் முடியாது, அதுக்கு லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி வந்துதான் செய்யணும், லேப்டாப்பை சார்ஜர்ல போட்டுட்டு ஆரம்பிங்க, நடுவுல கரண்ட் போனா ரீசைஸ் பாதியில நிக்கும்.