மார்கன் காப்பாற்றினார்தானே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1907 அமெரிக்க வங்கி நெருக்கடி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அரசே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வங்கியாளர் ஜே.பி. மார்கன் என்ற தனிமனிதர்தானே நாட்டைக் காப்பாற்றினார்? அவரை வழக்கறிஞர் பிராண்டைஸ் அவ்வளவு கடுமையாகத் தாக்கி எழுதியது நன்றிகெட்டத்தனம் இல்லையா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

காப்பாற்றினார், மறுக்கவில்லை. அந்த நவம்பர் இரவில் நியூயார்க் வங்கித் தலைவர்களைத் தன் நூலகத்துக்கு வரவழைத்து, கதவைப் பூட்டச் செய்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. பணம் தருவதாக அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு, விடியும் நேரத்தில்தான் கதவு திறந்தது. அந்த நெஞ்சுரம் எனக்கும் வியப்புதான்.

ஆனால் கதவுக்கு வெளியே நடந்ததையும் பாருங்கள். அக்டோபரிலேயே கருவூலச் செயலர் கார்ட்டெல்யூ இரண்டரைக் கோடி டாலர் அரசுப் பணத்தை நியூயார்க் வங்கிகளில் போட்டிருந்தார். அது மக்கள் பணம். நவம்பர் 4 காலை, பங்குச்சந்தை திறப்பதற்குள், மார்கன் உருவாக்கிய உருக்கு நிறுவனத்தின் ஆட்கள் இருவர் இரவோடிரவாக ரயிலேறி வந்து அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பார்த்தார்கள். நெருக்கடி முற்றாமலிருக்க, டென்னசியில் தொடங்கிய ஒரு போட்டி இரும்புக் கம்பெனியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அரசு குறுக்கே வரக்கூடாது என்றார்கள். அவர் தடுக்கவில்லை. யோசிக்க அவருக்கு ஒரு முழு நாள்கூட இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அப்படி நின்றதுதான் என்னை உறுத்துகிறது.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்போமே, 1913இல் பிராண்டைஸ் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் எழுதிய தொடரின் சாரம் அதுதான். சேமிப்பு ஊராருடையது, அதை எடுத்துப் பரிமாறும் அதிகாரம் நாலைந்து பேருடையது. நாடாளுமன்றத்தின் பூஜோ குழு கணக்கெடுத்தது: மார்கன் நிறுவனமும் அதோடு நெருங்கிய சில பெரிய வங்கிகளும் சேர்ந்து 112 கம்பெனிகளில் 341 இயக்குநர் நாற்காலிகளை வைத்திருந்தன. கடன்பத்திரத்தை விற்கும் கம்பெனியிலும் அதை வாங்கும் வங்கியிலும் அதே ஆட்கள். யாரிடம் யார் விலை பேசுவது?

நியூ ஹேவன் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மார்கன் கைக்குள் இருந்ததுதான். அதன் கணக்கை வரிவரியாகப் பிரித்துப் பார்த்த பிராண்டைஸ், இந்த லாபப்பங்கு நிலைக்காது என்று முன்கூட்டியே எச்சரித்தார். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1913 டிசம்பரில் லாபப்பங்கு நின்றது. பத்திரமான பங்கு என்று நம்பி அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் அதை வாங்கி வைத்திருந்தவர்களில் கைம்பெண்களும் முதியவர்களும் ஏராளம். அவர்களுக்காக உட்கார்ந்து கணக்குப் பார்த்த மனிதரை நன்றிகெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.