ஆரஞ்சு தந்தவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் இரண்டு வருடமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார், எண்பத்தைந்து வயது இருக்கும். போர் முடிந்த சமயம் ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஜீப்பிலிருந்து இறங்கி அவருக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாராம். அதுவரை ஆரஞ்சையே பார்த்ததில்லை, தோலோடு கடித்துவிட்டேன் என்று சிரிப்பார். அவருடைய பேரனோ அமெரிக்கப் படைத்தளங்கள் மொத்தமும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்கிறான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் அப்பா ராணுவ உடையில் இருக்கும் படம் மாட்டியிருக்கிறது. அவரைப் பற்றி மட்டும் பாட்டி பேசுவதில்லை. என் சந்தேகம் இதுதான். தோற்றுப்போன நாட்டை அமெரிக்கா கட்டாயப்படுத்தியதால்தானே ஜெர்மானியர்கள் யூதர்களைக் கொன்று குவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்? அமெரிக்கா மேல் வெறுப்பு வளர்ந்தால் அந்த ஒப்புதலும் கூடவே போய்விடாதா?

*

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயப்படுத்திப் பார்த்தார்கள் என்பது உண்மைதான். 1945 ஏப்ரல் 16 அன்று வைமர் நகரவாசிகள் ஏறக்குறைய ஆயிரம் பேரை, பக்கத்துக் குன்றில் இருந்த புகன்வால்ட் வதைமுகாமுக்கு அமெரிக்க ராணுவம் நடத்தியே கூட்டிப்போனது. கவிஞர் கதே வாழ்ந்த ஊர் அது. அன்று எடுத்த புகைப்படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல கோட்டு போட்ட பெண்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்களுக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் அப்போது எங்கும் கேட்ட பதில். அப்புறம் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிய நியூரம்பெர்க் விசாரணை, யார் நாஜியாக இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க லட்சக்கணக்கானவர்கள் நிரப்பிக் கொடுத்த 131 கேள்விப் படிவம். இவ்வளவுக்கும் பிறகு அமெரிக்க ராணுவ நிர்வாகமே கருத்துக்கணிப்பு எடுத்தபோது, நாஜிக் கொள்கை நல்லதுதான், செயல்படுத்திய விதம்தான் கெட்டுப்போனது என்று ஏறக்குறைய பாதிப்பேர் சொன்னார்கள். வற்புறுத்திக் கிடைத்தது இவ்வளவுதான்.

பிறகு ரஷ்யாவோடு பகை முற்றியதும் அமெரிக்காவே அந்தப் பேச்சை விட்டுவிட்டது. 1948இல் மேற்கு பெர்லினை சோவியத் படை முற்றுகையிட்டபோது, மூன்று வருடம் முன்பு குண்டு போட்ட நாட்டின் விமானங்கள் மாவும் நிலக்கரியும் கொண்டுவந்து இறக்கின. ஹால்வோர்சன் என்ற விமானி, இறங்குவதற்கு முன் இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டு, கைக்குட்டைகளைப் பாராசூட்டாகக் கட்டிச் சாக்லேட் போட்டார். கீழே குழந்தைகள் காத்திருந்தார்கள். உங்கள் பாட்டியின் ஆரஞ்சும் அந்தக் காலத்துப் பண்டம்தான். அந்த அன்பு பொய் இல்லை. ஆனால் அதே வருடங்களில் வீட்டுக்குள் அப்பாக்கள் வாயைத் திறக்கவில்லை. நாஜி இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய குளோப்கே 1953 முதல் பத்து வருடம் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடனாவரின் அலுவலகத்தை நிர்வகித்தார், வாஷிங்டனோடு உறவு கெடவில்லை. (கிழக்கு ஜெர்மனியின் கதை வேறு. நாஜிகள் எல்லோரும் மேற்கில் இருக்கிறார்கள் என்று அந்த அரசு சொல்லிவிட்டது.)

அந்த மௌனத்தை உடைத்தவர் உங்கள் ஊர்க்காரர். ஃபிரிட்ஸ் பவர், 1903இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதர். 1933இல் நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். பிறகு டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் தப்பிப்போனவர், 1949இல் திரும்பி வந்தார். யார் திரும்பி வருவார்கள், சொல்லுங்கள்! ஹெஸ்ஸன் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்து, 1963 டிசம்பரில் ஃபிராங்க்பர்ட்டில் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் வேலை பார்த்தவர்கள் மீதான வழக்கைத் தொடங்கவைத்தார். நீதிபதிகள் ஜெர்மானியர்கள், சட்டம் ஜெர்மன் சட்டம், கூண்டில் நின்றவர்களில் மருந்துக்கடைக்காரரும் இருந்தார், வங்கி ஊழியரும் இருந்தார். அதாவது அக்கம்பக்கத்து மனிதர்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அப்பாவைக் கேட்க ஆரம்பித்தார்கள், நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. அப்பாவைக் கேட்ட அந்த மாணவர்களேதான் வியட்நாமைப் பற்றி அமெரிக்காவைக் கேட்டார்கள். மேலிடத்து உத்தரவு என்பது சமாதானம் ஆகாது என்று நியூரம்பெர்க்கில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அமெரிக்காதான், அந்த அளவுகோலை எடுத்து அமெரிக்காவையே அளந்தார்கள். 2003இல் இராக் போருக்கு எதிராக பெர்லினில் ஐந்து லட்சம் பேர் தெருவுக்கு வந்ததும் அதே வழியில்தான். இதை வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஐந்தே வருடத்தில், வெறும் அதிபர் வேட்பாளராக வந்த ஒபாமாவைக் கேட்க அதே ஊரில் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில்தான் இந்த அளவு கோபம் வரும்.

நான் நிஜமாகவே பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2017இல் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் தலைவர்களில் ஒருவரான ஹ்யோக்கே, கொல்லப்பட்ட யூதர்களுக்கான பெர்லின் நினைவிடத்தை அவமானச் சின்னம் என்ற பொருளில் பேசி, பழையதை நினைவுகொள்ளும் முறையே 180 டிகிரி திரும்ப வேண்டும் என்றார். 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் டாஹாவ் வதைமுகாமுக்குப் போனார், மறுநாள் மியூனிக் மேடையில் நின்று, மற்ற கட்சிகள் தீவிர வலதுசாரிகளைச் சேர்க்காமல் எழுப்பியிருக்கும் தடுப்புச் சுவருக்கு இடமில்லை என்று பேசினார். அந்த மாதக் கடைசியில் நடந்த தேர்தலில் ஏ.எஃப்.டி. 20.8 சதவீதம் வாங்கியது. வைமர்க்காரர்களைக் குன்றேற்றிக் கூட்டிப்போன நாட்டிலிருந்து இந்தப் பேச்சு வந்ததைக் கேட்டு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேரனின் கோபத்தில் இதுவும் ஒரு பங்கு இருக்கலாம். அவனால் அந்த ஒப்புதலுக்கு ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரின் வடக்கு ரயில் நிலையப் பக்கம் போய்வாருங்கள். 1941 டிசம்பர் 1 அன்று ஏறக்குறைய ஆயிரம் யூதர்களை அங்கிருந்துதான் லாட்வியாவின் ரீகாவுக்கு ரயிலேற்றினார்கள். தண்டவாளங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள், ஓரமாக நீளச் சுவர், சுவர் முழுக்கப் பெயர்கள். நான் போன அன்று ஓர் அம்மா தன் மகனைத் தூக்கிப் பிடித்திருந்தார், அவன் எழுத்துக்கூட்டி ஒரு பெயரைப் படித்தான், அப்புறம் அடுத்த பெயரை.

கூடத்தில் இருக்கும் படத்தைப் பற்றி நீங்கள் பாட்டியிடம் கேட்க வேண்டாம், வெளியாள் கேட்டால் வலிக்கும். பேரன் கேட்டிருப்பான் என்றே நினைக்கிறேன். என்ன பதில் வந்தது என்று அவனிடம் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.