மலைநாட்டுக் குளிருக்கு எந்த விறகு?

கேள்வி: டிசம்பரில் அம்மாவுடன் ஒரு மாதம் நுவரெலியாவில் தங்கப் போகிறோம். அந்த வீட்டில் கணப்பு அடுப்பு இருக்கிறது. இங்கிருந்தே ரப்பர் விறகு ஏற்றிக்கொண்டு போகலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி, வான் கூலிதான் நட்டம். 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர், விறகில்லாமலா? யூக்கலிப்டஸ் நின்று எரியும். பற்றவைக்கத் தேயிலைக் கவ்வாத்து மிலாறு, அதாவது செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சிகள், போதும். தோட்டத்து ஆட்களிடம் கேட்டு வாங்குங்கள். காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள், வனத்துறை பிடிக்கும். பைன் கட்டை பிசினோடு எரிந்து புகைபோக்கியில் கரி அப்பும்.

காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை லொறிக்காரர் பேச்சை நம்பிப் பச்சை விறகு வாங்கி, இரவெல்லாம் ஊதியே மூச்சு வாங்கினேன். குளிர் போனது ஊதியதால்தான்! இரண்டு கட்டையை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும். நுனியில் வெடிப்பு இருக்க வேண்டும். டிசம்பரில் அங்கே மழையும் உண்டு, கூரைக்குக் கீழே அடுக்குங்கள். அப்புறம், சிரட்டை ஒரு பை இங்கிருந்து கொண்டுபோங்கள், அது பாரமில்லை. தூங்குமுன் நெருப்பை அணையுங்கள். எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனையே கிடையாது.