கச்சான் காத்திருக்குமா?

அன்புள்ள அண்ணா,

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீடு. அப்பா கச்சானும் மிளகாயும் போட்டிருக்கிறார். கிணற்று மெசினுக்கு எண்ணெய் அடித்துக் கட்டுப்படியாகவில்லை, சோலார் பம்ப் போடுவோம் என்கிறார். நான்தான் மறித்து வைத்திருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற பொருளில் 34 சதவீதம் வந்துவிட்டது, சோலார் விலை பாதியாகிவிடும் என்று யூடியூப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வாங்கினால் ஏமாந்துவிடுவோமா? இன்னொரு கேள்வி. புல்மோட்டை மணலில் உள்ள இல்மனைற்றிலிருந்து சோலார் செய்யலாமாமே. நாம் ஏன் செய்யவில்லை?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அப்பாவை மறிக்க வேண்டாம். அவர் இந்தப் போகக் கச்சானுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும்.

அந்த 34 பொய்யில்லை. சீனாவின் லோங்கி நிறுவனம், வழமையான பனலில் உள்ள சிலிக்கனுக்கு மேலே பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிச் செய்த சூரியக் கலம் 2024இல் விழுகிற வெயிலில் 34.6 சதவீதத்தை மின்சாரமாக்கிக் காட்டியது. சிலிக்கன் தனியே எவ்வளவு முக்கினாலும் 29 சொச்சத்தோடு நின்றுவிடும் என்பது இயற்பியல் போட்ட எல்லை. 2009இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு இந்தப் பொருளை முதன்முதலாகச் சூரியக் கலத்தில் போட்டுப் பார்த்தபோது கிடைத்தது வெறும் 3.8. பதினைந்தே வருடத்தில் இந்த ஓட்டம் என்றால் ஆய்வாளர்கள் துள்ளிக் குதிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 34.6 காட்டிய அந்தக் கலம் ஒரு சதுர சென்ரிமீற்றர்தான். அதே 2024இல் ஒக்ஸ்போர்ட் பிவி என்ற நிறுவனம் இந்த வகைப் பனல்களை முதன்முதலாக விற்பனைக்கு அனுப்பியது. அதன் திறன் 24.5 சதவீதம். கடையில் இன்று கிடைக்கும் நல்ல சிலிக்கன் பனலே 21, 22 தருகிறது. நீங்கள் காத்திருப்பது இந்த இரண்டு மூன்று சதவீதத்துக்குத்தான்.

பெரோவ்ஸ்கைட்டின் வசதியும் வியாதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சிலிக்கனை 1400 பாகைக்கு மேல் உருக்க வேண்டும். இதற்கு ஈய அயடைட்டையும் இன்னொரு உப்பையும் கரைத்து, மை பூசுவதுபோல் கண்ணாடியில் பூசி, 100 பாகையளவில் சூடாக்கினால் போதும். சில நிமிடங்களில் பளபளவென்று கறுத்த படலம் வந்துவிடும். அவ்வளவு லேசாகக் கூடுவது லேசாகவே பிரிந்தும் போகும். ஈரக் காற்றில் திறந்து வைத்தால் கறுப்பு மஞ்சளாகிவிடும், அதாவது பழையபடி ஈய அயடைட். எங்கள் மாரிக்கு இது எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் கேள்வி. ஆய்வுகூடங்களில் 85 பாகை வெப்பம், 85 சதவீத ஈரப்பதன், 1000 மணித்தியாலம் என்று, மூப்பைத் துரிதப்படுத்திப் பார்க்கிற ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். 1000 மணித்தியாலம் என்பது ஆறு கிழமை. சிலிக்கன் பனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். இனிமேல் இப்படியான செய்தி வந்தால் சதவீதத்தை விட்டுவிட்டுக் கலத்தின் பரப்பையும் மணித்தியாலக் கணக்கையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பந்தியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஈயம் என்றதும் கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பயம் வரலாம். ஒரு சதுர மீற்றர் பனலில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. தண்ணீரில் கரையும் என்பதால் அதையும் பொருட்படுத்தத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக் கோடிக்குள் பழைய கார் பற்றரியைப் போட்டு வைத்திருக்கிறோமே, அதில் ஏழெட்டுக் கிலோ ஈயம் இருக்கிறது. அதைப்பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

பற்றரிச் செய்திகளும் இப்படித்தான். இப்போது கடையில் விற்கிற லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியைப் பற்றி ரெக்சாஸில் குட்இனஃப் என்ற ஆய்வாளரின் குழு எழுதியது 1997இல். அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை, ரோர்ச் பற்றரியே தடைப் பட்டியலில் இருந்த பொருள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றித்தான் றேடியோ கேட்டோம். அந்த லிதியம் இரும்பு பொஸ்பேற் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதன் துகள்களை மிக நுண்ணியதாக்கி மேலே கரிப் பூச்சுக் கொடுத்த பிறகுதான் உருப்படியானது. வீட்டுக் கூரைக்கு வந்து சேர அதற்குப் பிறகும் பல வருடம் பிடித்தது.

இல்மனைற்றுக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கறுப்புத் தாது, அதிலிருந்து டைட்டேனியம் டைஒக்சைட் எடுக்கலாம். வெள்ளைப் பெயின்ற்றில் இருப்பது அதுதான். 1991இல் ஓரீகன், கிராட்செல் என்ற ஆய்வாளர்கள் சாயம் ஏற்றிச் செய்த சூரியக் கலத்துக்கு அடித்தளமே அந்தத் தூள். பெரோவ்ஸ்கைட் கலம் பிறந்தது அந்த வழியில்தான், பலவற்றில் டைட்டேனியம் டைஒக்சைட் படலம் இன்றும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தேவை? 50 நனோமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றருக்குப் பூசினால் 0.2 கிராம். நுண்துளைப் படலம் ஒன்றை மேலே சேர்த்தாலும் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு வாளி மணல் ஊருக்கே போதும். ஆகவே கப்பல் கப்பலாக மணல் போவதற்கும் சோலாருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மணலிலிருந்து இரும்பைப் பிரிக்கக் கந்தக அமிலமோ குளோரினோ வேண்டும். கந்தக அமில வழியில் தொன் கணக்கில் இரும்புச் சல்பேற்றும் கழிவமிலமும் மிஞ்சும். அப்படி ஒரு ஆலை புல்மோட்டைக்குப் பக்கத்துக் கொக்கிளாய்க் களப்போரம் வருவதில் எனக்கு விருப்பமில்லை. இறால் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

எங்களால் முடிந்தது வேறொன்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2013 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வெயில், உப்புக்காற்று, மாரி எல்லாம் இங்கே இலவசம். புதிய கலங்களை வருடக் கணக்கில் வெளியில் வைத்து எது எப்போது மஞ்சளாகிறது என்று எழுதி வைக்கிற வேலைக்குப் பெரிய ஆலை தேவையில்லை. படிக்கிற பிள்ளையாக இருந்தால் அதை யோசியுங்கள்.

சரி, அப்பாவின் பம்ப். பற்றரி வேண்டாம், உயரத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள், வெயில் உள்ளபோது ஏற்றி வைத்தால் பின்னேரம் திறந்துவிடலாம். பனலில் எழுதியிருக்கும் வொற் 25 பாகைக்கு உரியது. சித்திரை மத்தியானம் பனல் 60 பாகைக்குப் போகும், பாகைக்கு 0.35 சதவீதம் குறைந்தால் 400 வொற் பனல் 350 தரும். பம்ப் வாங்கும்போது அந்தக் கணக்கில் பாருங்கள். தகரத்தோடு ஒட்டிப் பூட்ட விடாதீர்கள், கீழே ஒரு சாண் காற்றோட்டம் வேண்டும். தெற்குப் பார்த்து, மழை புழுதியைக் கழுவிப்போகிற அளவுக்குச் சாய்வு. கலங்கள் தொடராகக் கோத்தவை, ஒரு தென்னோலையின் நிழல் விழுந்தாலும் தண்ணீர் குறையும். குரங்கு ஏறாத இடமாகவும் பாருங்கள். கச்சான் போட்டிருக்கிறீர்கள், கட்டாயம் வரும்.